பூங்கோதை வீட்டு வெளிச்சம்

ஜனவரி 18, ஞாயிறு

கம்பெனியிலிருந்து இந்த வருஷமும் டைரி வந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவளை இன்னும் மறக்காமல் இருக்கிறார்கள். இதுவரை வந்த டைரிகள் எல்லாம் பழைய பேப்பரோடு போய்விட்டன. இதில் எழுதப் போகிறேன். எழுதுகிற மாதிரி ஒரு காரியம் வந்திருக்கிறது.

தாரணிக்கு வளைகாப்பாம். பிப்ரவரி எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் கழிந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். பக்கத்து வீட்டிலேயே வைக்கிறார்களாம். எனக்கு இதைச் சொன்னது பூக்கார அம்மா. பக்கத்து வீட்டுக்காரி வேறு யாருமில்லை, என் கூடப் பிறந்த தங்கை பூங்கோதை. அப்பா விட்டுப்போன சைட்டை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு சுவர் வைத்து, ஆளுக்கொரு வீடு கட்டினோம். தாரணி அவள் பெற்ற பெண்தான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிந்தது, சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் என் வீட்டில். அவளுக்கு வளைகாப்பு என்பதைப் பூக்கார அம்மா சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன்.

இருக்கட்டும். நல்லது.

ஜனவரி 19, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். பாதிதான் எழுதியிருக்கிறேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் போன மறுவருஷம் தாரணிக்குக் கல்யாணம். நிச்சயத்தன்று குத்துவிளக்கு ஏற்ற ஐந்து பெண்களைக் கூப்பிட்டார்கள். விளக்கு ஏற்றுகிற ஆசை எனக்கு இல்லை, எனக்கும் ஊர் வழக்கம் தெரியும். தீப்பெட்டி யார் கையிலும் இல்லையே என்று எடுத்துக் கொடுக்கப் போனேன். அத்தனை பேர் முன்னால் பூங்கோதை என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு, "அக்கா, நீ கொஞ்சம் உள்ள இரு" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பாத்திரத்தைத் தள்ளி வை என்கிற மாதிரி சொன்னாள். நான் ஸ்டோர் ரூமில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விசேஷம் முடிந்ததும் கிளம்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

கண்ணில் வந்தது வெங்காயத்தால்தான்.

ஜனவரி 20, செவ்வாய்

அவிநாசி போய்விட்டு வர இருட்டிவிட்டது. என் வீட்டு வாசல் லைட் ஃபியூஸ் போய் எவ்வளவோ நாளாகிறது. தனி ஆளுக்கு எதற்கு என்று மாற்றவில்லை. பூங்கோதை வீட்டுச் சுவரோரம் ஒரு லைட் இருக்கிறது, அந்த வெளிச்சம் என் படிக்கட்டில் விழும். அதில்தான் பூட்டுத் துவாரத்தைத் தேடித் திறந்தேன். தினமும் அப்படித்தான் திறக்கிறேன். இன்றைக்குத்தான் அது உறைத்தது. என்னை உள்ளே இரு என்றவளுடைய வெளிச்சத்தில் என் வீட்டுக்குள் நான் போகிறேன்.

படியில் நின்றபடியே முடிவு பண்ணிவிட்டேன். வளைகாப்பு அன்றைக்கு என் வீடு எரிகிற எரிப்பில் அவள் வீடு இருட்டுக் கடையாகத் தெரிய வேண்டும். தெருமுனையில் திரும்புகிற சொந்தபந்தம் அத்தனையும், விசேஷம் எந்த வீட்டில் என்று குழம்ப வேண்டும். விளக்குப் பக்கம் வராதே என்றாள் அல்லவா, விளக்கு என்றால் என்னவென்று காட்டுகிறேன்.

ஜனவரி 22, வியாழன்

எலக்ட்ரீஷியன் லோகநாதனை வரச் சொன்னேன். பூங்கோதை வீட்டு வெளிவிளக்குகள் எல்லாம் அவர் போட்டவை. வாசலையும் சுற்றுச்சுவரையும் சுற்றிப் பார்த்தார். கேட் தூண் மேல் இரண்டு, படிக்குப் படி சின்னதாக ஒன்று, செம்பருத்திச் செடிக்கு அடியில் மேல்நோக்கி ஒன்று, எல்லாம் மஞ்சள் வெளிச்சம், ஒயரை பைப்புக்குள் விட்டு மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்றார். மழை பட்டாலும் ஒன்றும் ஆகாதாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மஞ்சள் எதற்கு என்று கேட்டேன். பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார். மஞ்சள் வெளிச்சத்தில் கறை தெரியாது, தையல் விட்டது தெரியாது, எனக்கு வெள்ளைதான் வேண்டும் என்றேன். சிரித்தார். வாசலில் என்னம்மா தையல் என்றார்.

கிளம்பும்போது, "அந்தச் சைடு லைட்டு உங்களுக்கு வசதியா இருக்குதுங்களா?" என்று கேட்டார். நான் புரியாமல் பார்த்தேன். "அந்தப் பக்கம் அவங்களுக்கு வெறுஞ்செவுருதானுங்க, வேண்டாம்னு நான் சொன்னேன். அக்கா வந்து பூட்டுத் தொறக்கோணும், அங்கயே போடுன்னு அந்தம்மாதான் சொல்லிப் போட வெச்சாங்க" என்றார்.

இதுதான் விஷயம். நான் எப்போது போகிறேன், எப்போது வருகிறேன் என்று வேவு பார்க்கப் போட்டிருக்கிறாள். லோகநாதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே ஒரு ஆணி அடித்தால் அங்கே போய்ச் சொல்லுகிற ஆள். என் வீட்டுக்கு நானே போட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

நானே போட்டுக்கொள்வதா, வேறு ஊர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதா என்று காலை முழுக்க யோசித்தேன். ஆள் வைத்துச் செய்தால் சுத்தமாக இருக்கும். ஆனால் அது ஆள் போட்ட விளக்கு. ஆத்திரம் என்னுடையது, அதைக் கூலிக்கு விட மனசு வரவில்லை. ஆயுசில் பாதியை டியூப் லைட்டுக்குக் கீழே கழித்தவள் நான். செக்கிங் டேபிளில் லைட் போனால் மெயின்டனன்ஸ் ஆள் வரும்வரை காத்திருந்ததில்லை, ஸ்டூல் போட்டு ஏறி நானே மாற்றுவேன்.

டியூப் லைட்தான். முடிவு பண்ணியாயிற்று. அந்த வெள்ளையில் எறும்பு போனாலும் தெரியும்.

ஜனவரி 26, திங்கள்

கம்பெனி ஸ்டோர் கீப்பரிடம் போனில் பேசினேன். செக்கிங் செக்‌ஷனில் கழற்றிப்போட்ட டியூப் லைட் செட் கிடக்கிறதாம், அனுப்பி வைக்கிறேன் என்றார்.

சாயங்காலம் பூங்கோதை வீட்டுக்காரர் அழைக்க வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார், நானும் உள்ளே கூப்பிடவில்லை. வெற்றிலை பாக்கு வைத்த தட்டை நீட்டி, "ஏழரைக்கு மேல சாப்பாடு போடுவாங்க, அந்த நேரத்துக்கு வந்துருங்க" என்றார். அதாவது விளக்கேற்றி, சந்தனம் பூசி, வளையல் போட்டு எல்லாம் முடிந்த பிறகு வந்து சாப்பிட்டுப் போ. சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள். வருகிறேன் என்று சிரித்த முகத்தோடு சொன்னேன்.

ஜனவரி 28, புதன்

டியூப் லைட்டுகள் வந்து சேர்ந்தன. நீளப் பெட்டியில் வைக்கோல் வைத்து அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் துணி போட்டுத் துடைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமாக இருக்கிறது.

ஜனவரி 31, சனி

முதல் சோதனை. மாட்டி, சுவிட்சைப் போட்டதும் வீடே அணைந்துவிட்டது. மெயின் போர்டில் டிரிப் ஆகியிருந்தது. எங்கேயோ ஒயர் தொட்டுக்கொண்டிருக்கிறது.

தாரணி மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "பெரீம்மா, என்ன பண்றீங்க?" என்றாள். பிரசவத்துக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது. முகம் வெளுத்திருக்கிறது, கால் வீங்கியிருக்கிறதா என்று அங்கிருந்து தெரியவில்லை. மாடிப்படி ஏறாதே என்று சத்தம் போட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

எள் வறுத்துக் கருப்பட்டி சேர்த்து இடித்து உருண்டை பிடித்தேன். பூக்கார அம்மாவிடம் கொடுத்துத் தாரணி கையில் மட்டும் கொடுக்கச் சொன்னேன். பிறகுதான் மாசமாக இருப்பவளுக்கு எள் கொடுக்கலாமா என்று சந்தேகம் வந்தது. பூக்கார அம்மாவைத் துரத்திப்போய் வாங்கி வந்துவிட்டேன். நானே தின்கிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

சுவரில் ஆணி இறங்கவில்லை. சிமெண்டு கொட்டிக்கொண்டு வருகிறது. சவுக்குக் கம்பு வாங்கி, கேட்டுக்கு இரண்டு பக்கமும் வாசலிலும் நட்டு, அதில் டியூப் லைட்டுகளை நெட்டுக்குத்தலாகக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. கம்புக்குச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 7, சனி

கம்புகள் நட்டாயிற்று. முதுகு விட்டுப்போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் வாழைமரம் இறக்குகிறார்கள். பூங்கோதை இருமிக்கொண்டே வேலை வாங்குகிறாள். தை மாசம் வந்தாலே அவளுக்கு இருமல் வந்துவிடும், வெந்நீர் குடி என்று பக்கத்தில் ஒருத்தர் சொல்ல வேண்டும், தானாகக் குடிக்க மாட்டாள். இருமட்டும்.

நாளைக்கு.

பிப்ரவரி 9, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒயர் இழுத்தேன். கடைசி ஹோல்டரைப் பொருத்தும்போது விரலில் சுளீர் என்று கரண்ட் பிடித்து ஸ்டூலோடு பின்னால் தள்ளிவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு டேப் சுற்றினேன், சரியாகிவிட்டது. மூன்று மணிக்கெல்லாம் வேலை முடிந்தது.

பொழுது சாயும்போது சுவிட்சைப் போட்டேன். ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் பிடித்து, எல்லாம் ஒன்றாக எரிந்தபோது, தெரு முழுக்க வெள்ளை. என் கை ரேகை எனக்குத் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பூங்கோதை கட்டியிருந்த சீரியல் லைட் இருக்கிற இடமே தெரியவில்லை. எனக்குப் பால் பொங்கின மாதிரி இருந்தது.

அப்போது சாமியானாக் கடை வண்டி வந்து என் கேட் முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி, "விசேஷ வீடு இதுதானுங்களே?" என்றார். பக்கத்து வீடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆமாங்க, வரிசையாப் போட்டுருங்க" என்றேன். பிளாஸ்டிக் நாற்காலிகளை என் வாசலில் இரண்டு பக்கமும் வரிசையாகப் போட்டுவிட்டுப் போனார்கள். நாற்காலி எங்கே என்று பூங்கோதை தேடுவாள், என்னிடம் வந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்கட்டும், அந்த வாயைத் திறந்து கேட்கட்டும் என்று ஸ்டூலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வந்தவர்கள் இரண்டு பேர். வெள்ளை வேட்டி, வயசானவர்கள், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் போல, எனக்குப் பழக்கமில்லாத முகங்கள். வெளிச்சத்தைப் பார்த்து இங்கேயே திரும்பிவிட்டார்கள். கேட்டில் செருப்பை விட்டார்கள், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்கள். வாங்க என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எவ்வளவு மரியாதையான மனுஷர்கள் என்று நினைத்தேன்.

கொஞ்சம் கழித்து ஒருவர் மெதுவாகக் கேட்டார். "எப்பங்க முடிஞ்சுது?"

"மூணு மணிக்கெல்லாம் முடிஞ்சுதுங்க."

"கூட ஆளுக இருந்தாங்களா?"

"யாருமில்லீங்க. நான் ஒண்டியாத்தான் எல்லாம் பாத்தேன்."

அவர் உச்சுக் கொட்டினார். "ரொம்பச் சிரமப்படுத்திருச்சுங்களா?"

"கடைசீல ஒரு தடவை தூக்கிப் போட்டுதுங்க. அதுக்கப்புறம் சத்தமே இல்லை" என்றேன், மத்தியானம் கரண்ட் பிடித்ததை மனதில் வைத்துக்கொண்டு.

இன்னொருவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் ஏதோ முணுமுணுத்தார்கள், ஒருவர் எழுந்து வெளியே போய் போன் பேசினார். ஒருவரைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதே மாதிரி தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். நிமிர்ந்து விளக்குகளைப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அடுத்த வீட்டில் நாதஸ்வர கேசட் நடுவில் நின்றது. எனக்கு அதில் சந்தோஷம்தான், நம் வெளிச்சத்துக்கு அவள் மேளம் அடங்கிவிட்டது என்று.

காற்றில் ஒரு டியூப் லைட் சாய்ந்தது. கட்டுவதற்காக ஸ்டூல் மேல் ஏறினேன். அப்போது பூங்கோதை ஓடி வந்தாள்.

காலில் செருப்பு இல்லை. கை இரண்டிலும் சந்தனம். பட்டுப்புடவை முந்தானை தரையில் இழுபடுகிறது. கேட்டைத் தள்ளிக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் இடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று வீட்டுக்குள் ஓடினாள். ஒவ்வொரு அறையாக அவள் குரல் போவது கேட்டது. அவள் கூடத்தில் பாயைத் தேடியிருக்கிறாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெளியே வந்தவள் ஸ்டூல் மேல் டெஸ்டரோடு நிற்கிற என்னைப் பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றாள். பிறகு அவள் முகம் மாறியது.

"உசுரோடத்தான் இருக்கறயா?" என்றாள். "அப்பறம் எதுக்குடி எழவு வீட்டு லைட்டுப் போட்டு வெச்சிருக்கற?"

இரண்டு வருஷத்தில் என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. அக்காவை டி போட்டாள்.

நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, அவள் நின்ற இடத்திலிருந்து என் வாசலைப் பார்த்தேன். சவுக்குக் கம்பில் நெட்டுக்குத்தலாக டியூப் லைட். கேட்டிலிருந்து வாசல் வரை இரண்டு வரிசை நாற்காலி. அதில் வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கும் வேட்டிக்காரர்கள். எத்தனை சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஓட்டைப் பீஸ் ஒன்றைக்கூட விட்டதில்லை என்று பெயர் வாங்கின கண்ணுக்கு, கம்பு நட்டவளுக்கு, இது தெரியவில்லை. சந்தனக் கையால் பூங்கோதை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடவே இல்லை. எதற்கு இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

யாரோ ஒருவர் தாமதமாகக் கேட்டில் நுழைந்தார், கையில் பெரிய ரோஜா மாலை. யாருக்கு என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்றார். நான்தானுங்க அது என்றேன். அவர் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அதற்குள் பூங்கோதைக்கு விசேஷத்தின் நினைவு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் சாவு என்று போன் வந்ததும் சம்பந்தி வீட்டார் வளையல் தட்டை மூடிவிட்டார்களாம். பெரியம்மா சாவு, தீட்டு என்று குத்துவிளக்கைக் குளிர வைத்துவிட்டார்களாம். வேன் ஏறப் போகிறார்கள், தாரணி உட்கார வைத்த மணையிலேயே அழுதுகொண்டிருக்கிறாள். "வாசல்ல வந்து நில்லுக்கா" என்றாள். "உன்னைப் பாத்தாத்தான் நம்புவாங்க."

தாரணி அழுகிறாள் என்றதும் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தேன். ஓடியிருக்க வேண்டியதுதான். ஆனாலும் நான் நகரவில்லை. இரண்டு வருஷமாக வைத்திருந்ததை எப்படி விடுவது.

"எங்க நிக்கட்டும்?" என்றேன்.

"வாசல்ல."

"உள்ள இருந்துக்கறேனே."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் மறந்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். மறக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"முன்னால நில்லுக்கா. எல்லாத்துக்கும் முன்னால."

இரு, புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். உள்ளே போய் அரக்குக் கலர் பட்டை எடுத்தேன். அவர் போனதிலிருந்து கட்டாதது. மடிப்பு வைக்க நேரம் எடுத்துக்கொண்டேன். அவள் வாசலில் நின்று இருமிக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன், மடக்கென்று குடித்தாள்.

பிறகு நான் பூங்கோதை வீட்டு வாசலில், வாழைமரத்துக்குக் கீழே, சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். வேன் ஏறியவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டு இறக்கினேன். போனில் கேள்விப்பட்டு அலறியடித்து வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து ஒரு அடி பின்னால் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அப்படியும் சம்பந்தியம்மா முகம் தெளியவில்லை. அணைந்த விளக்காயிற்றே, சகுனமாயிற்றே என்றார். பூங்கோதை தீப்பெட்டியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். "செத்துட்டாங்கன்னுதானுங்க விளக்கக் குளுர வெச்சீங்க. அக்காவே ஏத்தட்டும். வந்தவங்களுக்குத் தீட்டு இல்லைன்னு தெரியோணும்ல" என்றாள் சம்பந்தியிடம்.

காரியத்துக்காகத்தான் கொடுத்தாள். எனக்குத் தெரியாதா. ஆனால் அன்றைக்கு வாங்கின அதே கையால் கொடுத்தாள்.

முதல் குச்சி அணைந்துவிட்டது. காற்று. இரண்டாவது குச்சியும் அணைந்தது. பூங்கோதை இரண்டு கையையும் குவித்து என் கையைச் சுற்றி அணை பிடித்தாள். மூன்றாவதில் திரி பிடித்தது.

தாரணிக்கு முதல் வளையல் நான் போடவில்லை, போட ஆசைப்படவும் இல்லை. அவள்தான் கடைசியில் என் பக்கம் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 12, வியாழன்

லோகநாதன் வந்தார். என் கட்டுவேலையைப் பார்த்து, நீங்க உசுரோட இருக்கறதே பெரிசுங்க என்றார். ஊர் முழுக்க இதையே சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். அவர் சொன்னபடியே மஞ்சள் விளக்கு போடச் சொல்லிவிட்டேன், கேட் தூணில், செம்பருத்திக்கு அடியில். எல்லாம் ஆள் வைத்தே ஆகட்டும், எனக்கு முதுகு வலி. படிக்கட்டுக்கு எத்தனை வைக்க என்று கேட்டார். அந்தப் பக்கம் வேண்டாம், வெளிச்சம் இருக்கிறது என்றேன்.

பிடுங்கின கம்புகளைப் பூங்கோதை தண்ணீர் காய வைக்கக் கேட்டு வாங்கிக்கொண்டாள். டியூப் லைட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒன்றைத் தவிர. அதை ஹோல்டரோடு ஒரு கம்பில் கட்டி, கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன். பிளக்கில் செருகினால் எரியும். குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது என்னை எங்கே நிற்கச் சொல்கிறாள் என்று பார்ப்போம்.